வெயிலும் நேர்த்திக்கடனில் சேர்த்தியா?

வாவிக்கரை மகள்:
ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். எந்தக் கோயில் என்று எழுதவில்லை, ஒரு கோயிலைக் குறைசொல்ல வரவில்லை. அம்மாவுக்கு 68 வயது, பத்து வருஷமாகச் சீனி வருத்தம். விரதம் என்று காலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணியும் குடிக்கவில்லை. தீர்த்தம் முடியப் பன்னிரண்டரை. கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்தது, மணலில் கால் வைக்க ஏலாது. அதற்குப் பிறகுதான் ஒலிபெருக்கியில் நன்றியுரை தொடங்கினார்கள். அதிதிகளுக்குப் பொன்னாடை போட்டு முடியும்வரை சனத்தைக் கயிறு கட்டி மறித்து வைத்திருந்தார்கள். அம்மா என் தோளில் அப்படியே சரிந்துவிட்டா. இரண்டு பொடியன்கள் தூக்கிக்கொண்டுபோய் வேம்புக்குக் கீழே கிடத்தினார்கள். இப்ப சுகம். ஆனால் இரண்டு உள்ளங்காலிலும் கொப்புளம், நடக்க ஏலாமல் கிடக்கிறா.

கோயில் சபையில் ஒருவரிடம் சொன்னேன். "சாமி சோதிக்கிறார் பிள்ளை, தாங்கத்தான் வேணும்" என்றார். அன்றிலிருந்து அந்தச் சொல் நெஞ்சில் குத்திக்கொண்டே இருக்கிறது. தாங்க வேண்டியது எது, தாங்க வைக்கக் கூடாதது எது?

உகந்தை நடை:
மகள், அம்மா தப்பினது முருகன் செயல். சுகமாகட்டும். ஆனால் நீங்கள் கேட்கிற கேள்வி எங்கே கொண்டுபோய் விடும் என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

நான் 19 தரம் கதிர்காமம் நடந்தவன். பொத்துவில், பாணமை தாண்டி உகந்தையில் காட்டுக்குள் இறங்கினால், குமுக்கன் ஆறு, நாவலடி, வியாழை, கட்டகாமம் என்று நாள்கணக்கில் நடை. நிழலே இல்லாத வெட்டைகள் வரும். தலையில் தண்ணிக் கலன், காலுக்குக் கீழே சுடுமணல். கதிர்காமத்துக்கு பஸ் ஓடுகிறது, தெரியும்தானே? பிறகு ஏன் நடக்கிறோம்? என்ர மனிசிக்கு வருத்தம் என்று நேர்ந்தேன். அவ பிழைக்கவில்லை. அதற்குப் பிறகும் நடக்கிறேன். அந்தச் சூட்டுக்குள்ளதான் என்ர துக்கம் எனக்குத் தாங்கக்கூடிய அளவுக்கு வருகிறது. இதை வேறு எப்படிச் சொல்லுவதென்று தெரியவில்லை.

இன்றைக்குப் பந்தல், நாளைக்குச் செருப்பு, அதற்கடுத்த வருஷம் மின்விசிறி. பிறகு அது திருவிழாவா, கண்காட்சியா? பாண்டிருப்பில் தீ மிதிக்கிறவர்களிடம் தணலை ஆறவைத்துத் தாருங்கள் என்று கேட்பீர்களா?

வார்டுத் தாதி:
அண்ணன், திரௌபதை அம்மன் கோயிலில் தீ மிதிக்கிறவர் நாள்கணக்கில் விரதமிருந்து, மனம் ஒருமித்து, தானே விரும்பி இறங்குகிறவர். தணலில் அவரின் கால் படுவது சில செக்கன். நடுமத்தியானத் தார் ரோட்டில் தேருக்குப் பின்னால் வெறுங்காலோடு நடக்கிறவரின் கால் அரைமணித்தியாலம், ஒரு மணித்தியாலம் சுடுபடுகிறது. இரண்டையும் ஒன்றாக்க வேண்டாம்.

சீனி வருத்தம் பலகாலம் இருந்தால் காலில் உணர்ச்சி மரத்துப்போகும். தோல் வேகுவது அவர்களுக்குத் தெரியாது. "எனக்கு ஒன்றும் சுடவில்லை, சாமி காப்பாற்றுகிறார்" என்று சொல்லிக்கொண்டே நடப்பார்கள். பிறகு புண் ஆறாது, சிலருக்கு விரல் போகும், சிலருக்குக் கால் போகும். அந்தக் கால்களுக்கு மருந்து கட்டுகிறவள் நான்.

இன்னொன்று. கச்சான் நாளில் வியர்வை தெரியவே தெரியாது, காற்று அப்படியே உறிஞ்சிவிடும். தென்மேல் பருவக்காற்று மழையெல்லாம் மலைநாட்டின் அந்தப் பக்கம் கொட்டிவிட்டு, காய்ந்து சூடாகித்தான் எங்கள் கிழக்குப் பக்கம் இறங்குகிறது. உடம்பு நனையாததால் தண்ணி போகவில்லை என்று நினைப்போம். வயதாக ஆகத் தாகமும் குறைந்துவிடும். பிரஷருக்குச் சிலபேர் குடிக்கிற குளிசை சலத்தைக் கூட்டும், அதுவும் உடம்பிலுள்ள தண்ணியைத்தான் இறக்கும். இவ்வளவும் சேர்ந்து உடல் வெப்பம் 40 பாகையைத் தாண்டினால் மூளை குழம்பும், ஆள் பிதற்றத் தொடங்குவார். கோயிலில் பிதற்றினால் சனம் என்ன சொல்லும்? "உரு வந்திட்டு" என்று, சாமி ஏறினதாக நினைத்துக் கும்பிட்டுக்கொண்டு சுற்றி நிற்கும். நான் ஒருமுறை அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போயிருக்கிறேன். உரு இல்லை அது. உடனே நிழலுக்கு எடுத்து, உடுப்பைத் தளர்த்தி, தண்ணி ஊற்றி விசிறிக்கொண்டே 1990 அம்புலன்சுக்கு அடிக்க வேணும். மயங்கிக் கிடக்கிறவரின் வாயில் தண்ணி ஊற்றவே கூடாது.

சபைக்காரன்:
நான் ஒரு கோயில் பரிபாலன சபையில் இருக்கிறவன், மகள் சொன்ன கோயில் இல்லை. எங்கள் பக்கமும் கேளுங்கள். தீர்த்த நேரம் பஞ்சாங்கம் பார்த்துக் குருக்கள் குறிக்கிறது, அதை நானோ நீங்களோ மாற்ற ஏலாது. தேர் ஓடுகிற வீதியில் பந்தல் போட்டால் தேர்முடி முட்டும். தாகசாந்தி நிலையம் போடுகிறோம், பிரதேச சபை பவுசர் வந்து வீதிக்குத் தண்ணி அடிக்கிறது. இதற்கு மேல் எங்கே காசு?

பொன்னாடையைப் பற்றிச் சொன்னீர்கள். திருவிழாச் செலவை ஏற்கிற உபயகாரர் ஒரு வருஷம் காத்திருந்து செய்கிறவர். சனம் கலைந்த பிறகு அவரைக் கௌரவித்தால் மனம் நோகும். அடுத்த வருஷம் உபயம் இல்லையென்றால் அன்னதானம் நின்றுபோகும்.

தம்பிலுவில் பேத்தி:
உபயகாரரின் மனம் நோகும் என்று கிழவிகளைக் கயிற்றுக்குள் மறிக்கலாமா ஐயா?

எங்கள் பக்கம் வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு. கடைசியில் என்ன செய்கிறோம்? குளிர்த்தி. மதுரையை எரித்து வந்த தாயின் வெக்கை தணிய வேணும் என்று குளிர்த்திப் பாட்டுப் படித்து, வேப்பிலையால் தண்ணி தெளித்து ஆற்றுகிறோம். தெய்வத்துக்கே சூடு ஆகாது என்று நினைத்த மண் இது. அந்தத் தாயின் வாசலில் ஒரு பிள்ளை வெயிலில் சுருண்டு விழுந்தால் அவளுக்குச் சந்தோஷமா?

உகந்தை நடை:
பேத்தி, நல்லாச் சொன்னீங்க. ஆனால் குளிர்த்தியில் நாங்கள் அம்மனைக் குளிர வைக்கிறோம், எங்களை இல்லை. இரவிரவாக நித்திரை முழித்துத்தான் அந்தக் குளிர்த்தியைப் பார்க்கிறோம். எங்கள் சுகத்தை விட்டுக்கொடுத்துத்தான் அவளுக்குச் சுகம் செய்கிறோம். நான் சொல்லுவதும் அதுதான்.

சம்மாந்துறையான்:
இதில் நான் எழுதலாமா தெரியவில்லை, வாப்பா 2024இல் ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர் என்பதால் எழுதுகிறேன். அந்த ஜூன் மாதம் மக்காவின் பெரிய பள்ளிவாசலில் 51.8 பாகை. 1,301 பேர் மௌத்தானதாக, அதாவது இறந்ததாக, சவூதி அரசே அறிவித்தது. அதில் 83 வீதமானவர்கள் அனுமதி இல்லாமல் போனவர்கள், தங்க நிழலில்லாமல் வெயிலில் நெடுந்தூரம் நடந்தவர்கள். அவர்களின் ஈமான் குறைவா? இல்லை, அவர்களுக்குக் கூடாரம் இல்லை. வாப்பாவும் அதே வெயிலில்தான் நின்றார். குடையும் தண்ணியும் ஒதுங்க ஓர் இடமும் இருந்தபடியால் வீடு வந்து சேர்ந்தார், அல்ஹம்துலில்லாஹ்.

நேர்ச்சையைப் பற்றி எங்கள் மார்க்கத்தில் ஒரு செய்தி உண்டு. நபியவர்கள் உரை நிகழ்த்தும்போது ஒரு மனிதர் வெயிலில் நின்றுகொண்டிருந்தார். விசாரித்தபோது, உட்கார மாட்டேன், நிழலுக்கு ஒதுங்க மாட்டேன், பேச மாட்டேன், நோன்பு பிடிப்பேன் என்று நேர்ந்திருக்கிறார் என்றார்கள். அவரைப் பேசச் சொல்லுங்கள், நிழலுக்குப் போய் உட்காரச் சொல்லுங்கள், நோன்பை மட்டும் முடிக்கச் சொல்லுங்கள் என்று நபியவர்கள் சொன்னார்கள். உகந்தை அண்ணன் இதை ஒருக்கா யோசிக்க வேணும்.

புளியந்தீவான்:
மழைப் பக்கமும் ஒன்று சொல்லுகிறேன். 2015 ஜனவரியில் பாப்பரசர் பிரான்சிஸ் எங்கள் நாட்டுக்கு வந்து, காலிமுகத்திடலில் பூசை வைத்து, மடுவுக்கும் போய்விட்டுப் பிலிப்பைன்ஸ் போனார். 17ஆம் திகதி தக்லோபனில் பூசை. 2013 சூறாவளியில் உறவுகளைப் பறிகொடுத்த சனம் திடலில் நிற்கிறது, மறுபடியும் புயல் மழை. சனம் போட்டிருந்த அதே மஞ்சள் மழைச்சட்டையைப் போட்டுக்கொண்டு அவர் பூசை வைத்தார். ஆனால் புயல் வலுக்கிறது என்றதும் மற்ற நிகழ்ச்சிகளைச் சுருக்கிக்கொண்டு நேரத்தோடு கிளம்பிவிட்டார். எனக்கு இரண்டும் பெரிதாகப் படுகிறது. நனைந்ததும், நிறுத்தியதும். சனம் நனைகிறபோது மேடையிலுள்ளவரும் நனைய வேணும். எங்கள் விழாக்களில் அதிதிகளுக்குப் பந்தல், சனத்துக்கு வானம். மனதைச் சுடுகிறது அதுதான்.

வாவிக்கரை மகள்:
புளியந்தீவு அண்ணன், அன்றைக்கு மேடைக்கு மட்டும்தான் பந்தல். எழுத மனம் வரவில்லை, நீங்களே எழுதிவிட்டீர்கள்.

உகந்தை ஐயா, ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். காட்டில் நடக்கும்போது எத்தனை மணிக்கு வெளிக்கிடுவீர்கள்?

உகந்தை நடை:
விடியச்சாமம் மூன்றுக்கு எழும்புவோம். பத்து மணிக்குள் அடுத்த தரிப்பைப் பிடித்துவிட வேணும். பிறகு மரத்துக்குக் கீழே சமையல், படுக்கை. வெயில் சாயத்தான் மறுபடி நடை. வயதானவர்களின் பொதியை இளசுகள் சுமக்கும், ஏலாதவரை விட்டுவிட்டு ஒருவரும் முன்னுக்குப் போகக் கூடாது. பழைய சாமிமார் பழக்கினது.

கேள்வி விளங்குது மகள். வெயிலுக்கு ஒதுங்குகிறவர்தானே நீங்களும் என்று கேட்கிறீங்க. ஓம், ஒதுங்குகிறோம். ஆனால் அது போய்ச் சேருவதற்கான ஒழுங்கு. சேர்ந்த இடத்தில் சொகுசு கேட்பது வேறு.

வார்டுத் தாதி:
அந்த ஒழுங்கைத்தான் அண்ணன் நாங்கள் கோயில் வீதியிலும் கேட்கிறோம். காட்டில் உங்களுக்கு இருக்கிற மரநிழல், வாவிக்கரைக் கிழவிக்குத் திருவிழாவில் இல்லை.

உகந்தை நடை:
கயிறு கட்டி மறித்தது பிழை. அதில் எனக்கு மறுபேச்சில்லை. எங்கள் பாதையில் ஒருவரை மறித்து வெயிலில் நிறுத்தினால் அவரை நடைக்கே சேர்க்க மாட்டோம். பந்தலும் போடட்டும். செருப்புக்கு மட்டும் நான் சம்மதிக்க மாட்டேன். சுவாமி வெளிவீதி வரும்போது வெறுங்கால்தான்.

வார்டுத் தாதி:
செருப்பு வேண்டாம். ஈரச்சாக்கு விரிக்கலாமே. தேர் போகிற வடத்துக்கு இரண்டு பக்கமும் நனைத்த சாக்கு, அரைமணிக்கு ஒருக்கா அதில் தண்ணி. சீனிக்காரர் நடுப்பகலில் வீதி சுற்றாமல் காலைப் பூசையோடு கும்பிட்டுக்கொள்ளட்டும். தாகசாந்தியில் கலர்த் தண்ணியை மட்டும் கொடுக்காமல் ஜீவனி என்கிற உப்புச்சீனித் தூளும் கரைத்து வையுங்கள், ஒரு லீட்டருக்கு ஒரு பக்கெட். பக்கெட் இல்லையென்றால் ஒரு லீட்டர் தண்ணிக்கு ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு, மட்டமாக அளந்து. வளிமண்டலவியல் திணைக்களம் கிழக்குக்கு வெப்ப எச்சரிக்கை விடுகிற நாளென்றால் அதை ஒலிபெருக்கியில் சொல்லுங்கள். உபயகாரரின் பெயரைச் சொல்லுகிற அதே ஒலிபெருக்கிதான்.

சபைக்காரன்:
சாக்குக்கு அரிசி ஆலைகளில் கேட்கலாம், அது பெரிய செலவில்லை. பொன்னாடையை இரவுத் திருவிழாவுக்குத் தள்ளுகிற கதையை எங்கள் சபையில் எடுக்கிறேன். இரவில்தான் சனமும் கூட, உபயகாரருக்கும் குறையில்லை. குருக்கள் மறுக்க ஒன்றுமில்லை, அது கிரியையில் சேராத விஷயம். ஆனால் ஒருவர் இருவர் முறுகத்தான் செய்வார்கள், இப்பவே சொல்லிவிடுகிறேன்.

வாவிக்கரை மகள்:
நாங்கள் போன கோயிலுக்கும் இதையே கடிதமாக எழுதப்போகிறேன். நேற்று இந்த எழுத்தையெல்லாம் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். உகந்தை ஐயாவின் மனைவியைப் பற்றி வாசித்தபோது கண் கலங்கிவிட்டா. "அடுத்த அமாவாசைக்கும் போவன், அப்பாக்குத் தண்ணி இறைக்க வேணும்" என்றா. தண்ணி குடிக்காமல் போக விடமாட்டேன் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தீர்த்தம் ஆடினாப் பிறகு குடிக்கிறன்" என்றா. இன்னும் பேசி முடியவில்லை.