பங்குனி லீவில் அம்மா வீட்டில் வடாமும் மாவடுவும்: அஞ்சு நாளில் முடியுமா?

கேள்வி (தஞ்சாவூர்க்காரி):
பங்குனி மாசத்தில் அஞ்சு நாள் லீவு, கும்பகோணம் பக்கம் அம்மா வீடு. அம்மாவோடு சேர்ந்து கூழ் வடாமும் மாவடுவும் போட ஆசை. அம்மாவுக்கு எல்லாமே கை அளவுதான். எதை முதலில் ஆரம்பிப்பது, என்ன அளவு, எங்கே சொதப்பும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1 (மொட்டைமாடி):
தாராளமாக முடியும். போய் இறங்கின அன்றைக்கே மாவடு வாங்கி உப்பில் போட்டுவிடுங்கள். ராத்திரி ஜவ்வரிசியை ஊறவைத்தால் மறுநாள் விடியற்காலை வடாம். அப்போதுதான் மூணு முழு வெயில் கிடைக்கும்.

நாலு ஆழாக்கு பச்சரிசி மாவுக்கு ஒரு ஆழாக்கு ஜவ்வரிசி, பன்னிரண்டு ஆழாக்கு தண்ணீர். பச்சை மிளகாய் இருபதை உப்போடு அரைத்துக்கொள்ளுங்கள். மாவை முதலில் கொஞ்சம் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து வையுங்கள். மீதித் தண்ணீரில் ஜவ்வரிசி கண்ணாடி மாதிரி வெந்ததும் மிளகாய் விழுது, பெருங்காயம், கரைத்த மாவு எல்லாம் சேர்த்துக் கைவிடாமல் கிளற வேண்டும். ஈரக்கையால் தொட்டால் ஒட்டக்கூடாது, அதுதான் பதம். எலுமிச்சம்பழத்தை இறக்கிய பிறகுதான் பிழிய வேண்டும். அடுப்பில் இருக்கும்போது பிழிந்தால் கசக்கும்.

கூழில் உப்பு ஒரு கல் குறைவாகவே இருக்கட்டும். தண்ணீர் வற்றினதும் தானாக ஏறிவிடும். வடாம் கரிப்பதற்கு முக்கால்வாசி இதுதான் காரணம். காய்ந்தபின் பொடிப்பொடியாக உதிர்ந்தால் கூழ் வேகவில்லை. பொரித்தால் சிவந்துபோகிறதா? புது அரிசி, பழைய அரிசி கேட்டு வாங்குங்கள்.

சூடாக இருக்கும்போதே முறுக்கு பிழியும் நாழியில் போட்டு, நனைத்துப் பிழிந்த வேட்டியில் பிழியுங்கள். ஆறினால் அச்சில் இறங்காது. சாயங்காலம் துணியைத் திருப்பி, பின்பக்கம் தண்ணீர் தெளித்தால் அழகாக உரிந்து வரும். காக்காய் வராமல் இருக்க, வடாத்துக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புக் குடையை விரித்து வைத்தால் போதும்.

ஒன்று சொல்ல வேண்டும். இறக்கினதும் ஒரு கரண்டி கூழில் நல்லெண்ணெய் விட்டு, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். முதல் நாள் சாயங்காலம் ஓரம் காய்ந்து நடுவில் மெத்தென்று இருக்கிற வடாமும் அப்படித்தான். எந்தக் கடையிலும் கிடைக்காது. அந்த மாடியில்தான் உண்டு.

பதில் 2 (ஜாடிக்காரர்):
மாவடு பற்றி. வாங்கும்போது ஒன்றை நறுக்கிப் பாருங்கள். உள்ளே கொட்டை கெட்டிப்பட்டிருந்தால் வேண்டாம். பங்குனிக் கடைசியில் முற்றின வடுதான் அதிகம் வரும்.

2 கிலோ வடுவுக்கு 250 கிராம் கல் உப்பு. காம்பை அரை அங்குலம் விட்டு நறுக்குங்கள். காம்போடு பிய்ந்து வந்தால் அந்த வழியாகத் தண்ணீர் இறங்கி அழுகும். கழுவி, ஈரம் போகத் துடைத்து, இரண்டு ஸ்பூன் விளக்கெண்ணெய் தடவிப் பீங்கான் ஜாடியில் வடு ஒரு அடுக்கு, உப்பு ஒரு அடுக்காகப் போடுங்கள். தினம் காலையும் மாலையும் குலுக்கிவிட வேண்டும். நாலாம் நாள் சுருங்கித் தண்ணீர் விட்டிருக்கும். அந்தத் தண்ணீரை விட்டே 50 கிராம் காய்ந்த மிளகாய், 25 கிராம் கடுகு, இரண்டு ஸ்பூன் மஞ்சள்பொடி அரைத்துக் கலந்துவிடுங்கள். குழாய்த் தண்ணீர் ஒரு சொட்டு பட்டாலும் பூஞ்சை பிடிக்கும்.

ஊறி ருசி வர இரண்டு மூன்று வாரம் ஆகும். அதனால் பாதியை அம்மாவிடமே விட்டுவாருங்கள். உங்கள் பங்கைக் குலுக்கினீர்களா என்று போனில் கேட்பார், அதுவும் நல்லதுதான்.

தஞ்சாவூர்க்காரி:
மிக்க நன்றி. அம்மாவின் கை அளவை எப்படி எழுதி வைப்பது? கேட்டால் "கண் பார்த்துப் போடு" என்கிறார்.

பதில் 3 (படிக்கல்):
கேட்காதீர்கள், எடை போடுங்கள். உப்பு, மிளகாய், பெருங்காய டப்பாக்களை அம்மா எடுப்பதற்கு முன்னும் எடுத்த பின்னும் சமையல் தராசில் வைத்தால், வித்தியாசம்தான் அவர் கை அளவு. அவர் வேகத்தைக் குறுக்கே நிறுத்த வேண்டாம். நிறுத்தி அளந்து போடச் சொன்னால் கை தடுமாறும், அளவும் மாறும். கூழ் கிளறும்போது பதம் வந்த நேரத்தை அவரையே சொல்லச் சொல்லி, அந்த நிமிஷம் நீங்களும் கரண்டியைப் பிடித்துப் பாருங்கள். கனம் கைக்குத் தெரியும், எழுத்தில் வராது. மாடிக்குப் பாத்திரம் தூக்குவது மட்டும் உங்கள் வேலை. வயசான கால்களுக்குக் கொதிக்கும் கூழோடு படி ஏறுவது ஆபத்து.

கிளம்பும் முன் நாலு வடாம் பொரித்துப் பாருங்கள். நடுவில் கடுக்கென்றால் ஈரம் இருக்கிறது. டப்பாவில் மூடாமல் துணிப்பையில் கொண்டுபோய் பால்கனியில் இன்னொரு வெயில் காட்டுங்கள்.