டாக்ஸ்ட்ரிங்கில் அட்டவணை: டெர்மினலிலும் படிக்கணும், எச்டிஎம்எல்லிலும் சரியா வரணும். வழி இருக்கா?

வணக்கம் நண்பர்களே. பைத்தான் நூலகம் ஒன்றின் டாக்ஸ்ட்ரிங்குகள் (நிரலுக்குள்ளேயே எழுதும் விளக்கங்கள்) ஸ்ஃபிங்ஸ் என்ற ஆவணக் கருவி வழியாக எச்டிஎம்எல் ஆகின்றன. அதையே ஹெல்ப் கட்டளையிலும் படிப்பார்கள். அங்கே வடிவமைப்புக் குறியீடெல்லாம் மாறாமல் அப்படியே தெரியும்.

நூலகத்தின் பிற பகுதிகளுக்குத் தரும் இணைப்புகளுக்கு வழி கிடைத்துவிட்டது. கான்ஃபிக் கோப்பில் டிஃபால்ட் ரோலைப் பை-ஆப்ஜெக்ட் என்று வைத்தால் பெயரின் இருபுறமும் ஒற்றை பேக்டிக் (`) போதும். சிக்கல் 4 நெடுவரிசை, 15 வரிசை கொண்ட அளவுரு அட்டவணையில்தான்.

கோடுகளாலேயே கட்டம் வரையும் கிரிட் டேபிள் டெர்மினலில் கண்ணுக்கு நிறைவு. ஆனால் ஏதாவது ஒரு கட்டத்துக்குள் சொல் நீண்டால் எல்லாக் கோடுகளையும் நகர்த்த வேண்டும். ஒரு சொல் திருத்தம் கிட் டிஃபில் (மாற்றங்களைக் காட்டும் ஒப்பீட்டில்) முழு அட்டவணை மாற்றமாகத் தெரியும். ஒரு கோடு தப்பினாலும் ‘மால்ஃபார்ம்டு டேபிள்’ பிழைதான்.

ஒவ்வொரு கட்டத்தையும் தனிப் புள்ளி வரியாக எழுதும் லிஸ்ட்-டேபிளில் டிஃப் சுத்தம். ஆனால் டெர்மினலில் 60 புள்ளி வரிகள். எது எந்த நெடுவரிசை என்று விரல்விட்டு எண்ண வேண்டும்! சிஎஸ்வி கோப்பாக வெளியே எடுத்தால் டாக்ஸ்ட்ரிங்கில் எதுவுமே மிஞ்சாது. மார்க்டவுனுக்கு மாறச் சொல்லாதீர்கள்: சில கட்டங்களுக்குள் பட்டியல் உண்டு, மார்க்டவுனின் பைப் டேபிள் அதைத் தாங்காது.

இப்போதைக்கு டெஃபினிஷன் லிஸ்ட்தான் (பெயர், அதன் கீழே விளக்கம்) இரண்டு பக்கமும் ஓரளவு ஒத்துவருகிறது. இயல்பு மதிப்புகளை மேலிருந்து கீழாக ஒப்பிட முடியாததே குறை.

டாக்ஸ்ட்ரிங்குகளை எடுத்துத் தரும் ஸ்ஃபிங்ஸ் நீட்டிப்பான ஆட்டோடாக்கின் ப்ராசஸ்-டாக்ஸ்ட்ரிங் நிகழ்வில், எச்டிஎம்எல் பில்டின்போது மட்டும் அந்தப் பட்டியலை லிஸ்ட்-டேபிளாக மாற்றும் எண்ணம். யாராவது இதை நீண்டநாள் பராமரித்திருக்கிறீர்களா? வரிகள் கூடும்போது எச்சரிக்கைகளில் வரி எண் பிசகுவதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?