ஒரு எர்த் ராடில் மட்டும் மண் தடை 46 ஓம், காரணம் மண்ணா கிளாம்பா?

ஐந்து மாடிக் கட்டடம். நான்கு மூலையிலும் இடிதாங்கியின் இறங்கு பட்டை, ஒவ்வொன்றின் அடியிலும் மண்ணில் இறக்கிய 3 மீட்டர் எர்த் ராடு. டெஸ்ட் கிளாம்பை (பட்டையையும் ராடையும் பிரித்து அளப்பதற்கான இணைப்பு) பிரித்துத் தனித்தனியாக அளந்ததில் மூன்று ராடுகள் 7 முதல் 9 ஓம். நான்காவது 46. எல்லாம் சேர்த்து சுமார் 3 ஓம்தான், இடிதாங்கிக்கான சர்வதேசத் தரம் ஐஇசி 62305 சொல்லும் 10 ஓமுக்குள் அடங்குகிறது. ஆனாலும் அந்த மூலையில் மின்னல் இறங்கினால் பக்கத்துக் குழாய்களுக்குப் பாயும் என்பதால் விட மனமில்லை.

அளவீட்டில் பிழை இல்லை: மண்ணில் மின்னோட்டம் செலுத்தும் கரண்ட் ஸ்பைக் ராடிலிருந்து 30 மீட்டரில், மின்னழுத்தம் அளக்கும் பொட்டென்ஷியல் ஸ்பைக் 18.5-இல். அதை 3 மீட்டர் முன்பின் நகர்த்தினாலும் அளவு மாறவில்லை. (கம்பியைச் சுற்றி மாட்டி அளக்கும் கிளாம்ப் மீட்டர் இங்கே உதவாது. இணைப்பைப் பிரித்தால் சுற்று முழுமையாகாது.) கூரையிலிருந்து டெஸ்ட் கிளாம்ப் வரை தொடர்ச்சி 0.1 ஓம்.

அடுத்து குழியைத் திறந்து, மீட்டரை ராடின் தலையிலேயே நேரடியாக மாட்டப் போகிறோம். அங்கே அளவு இறங்கினால், பட்டையை ராடோடு பிடிக்கும் கிளாம்பில் அரிப்பு. அப்படியே நின்றால் மண்.

மண் என்றால் கப்ளர் (ராடுகளை நீளவாக்கில் இணைக்கும் துண்டு) போட்டு ஆழமாக்குவதா, 3 மீட்டருக்கு அப்பால் இன்னொரு ராடா? அடியில் பாறை இருக்கலாம். ராடைச் சுற்றி பெண்டோனைட் (ஈரத்தைப் பிடித்து வைக்கும் களிமண்) போட்டவர்கள், கோடையிலும் அளவு நிலைத்ததா என்று சொல்லுங்கள். உப்பு வேண்டாம், செம்பை அரித்துவிடும்.