தம்பியின் படிப்பு அட்டவணை மூன்று நாள்கூடத் தாங்கவில்லை, உதவி தேவை

தோட்டத்து அக்கா:
வணக்கம். தம்பி படிவம் 5. மலேசியாவுல பள்ளிப் படிப்பை முடிக்கிற எஸ்.பி.எம். தேர்வுக்கு இன்னும் 14 வாரம் இருக்கு. சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டம், வரிசையா ஒட்டிக் கட்டின லயத்து வீடு. மணிலா அட்டையில நாலு கலர் பேனாவால அட்டவணை போட்டு ஒட்டினோம்: சாயங்காலம் 4லிருந்து 10 வரைக்கும் மணிக்கு ஒரு பாடம். திங்கள் சரியாப் போச்சு. செவ்வாய் பாதி. புதன்கிழமை அந்தப் பக்கமே திரும்பல. இது நாலாவது அட்டவணை.

பள்ளி பஸ் தோட்டம் தோட்டமா சுத்தி 3.45க்குத்தான் இறக்கிவிடுது. சாப்பிட்டதும் கண்ணு சொக்குது. எட்டு மணி வரைக்கும் லயத்துல டிவி சத்தம், பிள்ளைங்க கூச்சல். அரையாண்டுத் தேர்வுல செஜாரா (வரலாறு) 31, கணிதம் 38. கைப்பேசியைப் பிடுங்கி வச்சும் பார்த்தாச்சு, ஒண்ணும் மாறல. எங்க தப்பு?

பால்மரம்:
டியூஷன்ல சேர்த்துவிடுங்க.

தோட்டத்து அக்கா:
டவுன்ல ராத்திரி 9க்கு விடுறாங்க. அதுக்கப்புறம் தோட்டத்துக்கு பஸ் கிடையாது.

பழைய வாத்தியார்:
தங்கச்சி, 3.45க்குப் பையை இறக்கி வைத்தவன் 4 மணிக்கே உட்கார வேண்டுமென்றால் முதல் பாடமே கடனில்தான் தொடங்கும். அதோடு, எல்லாப் பாடத்துக்கும் ஒரே அளவு நேரம் எதற்கு? மலாய்மொழியும் செஜாராவும் தேறாவிட்டால் மற்றதில் எத்தனை ஏ எடுத்தாலும் சான்றிதழ் கிடையாது. செஜாராவுக்கு இந்த விதி 2013இல் வந்தது. செஜாராவில் படிவம் 4க்கு 10 அத்தியாயம், படிவம் 5க்கு 10 அத்தியாயம். வாரத்துக்கு இரண்டு என்றால் 10 வாரம். மீதி 4 வாரம் பழைய வினாத்தாளுக்கு.

மணியை எழுதாமல் வேலையை எழுதச் சொல்லுங்கள். ‘செஜாரா 5–6’ என்று போட்டால் புத்தகத்தைத் திறந்து வைத்து ஆறு மணிக்காகக் காத்திருப்பான். ‘மலாயன் யூனியனை மலாய்க்காரர்கள் ஏன் எதிர்த்தார்கள், புத்தகத்தை மூடிவிட்டுக் காரணங்களை எழுது’ என்று போட்டால் இருபது நிமிடத்தில் முடியலாம், முக்கால் மணியும் ஆகலாம். முடிந்ததும் எழுந்து போகட்டும். ஒரு நாளைக்கு இப்படி மூன்றே வேலை. சனிக்கிழமைக் காலை காலியாக இருக்கட்டும், வாரத்தில் விட்டுப்போனதைப் போட இடம் வேண்டுமே.

தோட்டத்து அக்கா:
மூடி வச்சு எழுதச் சொன்னா ‘எல்லாம் தெரியும்’ங்கிறான் சார். புத்தகம் முழுக்க மஞ்சள் கோடு.

பழைய வாத்தியார்:
கோடு போட்ட வரி கண்ணுக்குப் பழகியிருக்கும், அவ்வளவுதான். 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, திரும்பத் திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். தம்பியிடம் ஒன்று கேளுங்கள்: 1948 ஜூன் 16, எங்கே என்ன நடந்தது?

தோட்டத்து அக்கா:
கேட்டேன், முழிச்சான். கம்யூனிஸ்டுங்க மூணு வெள்ளைக்காரத் துரைங்களைச் சுட்டது நம்ம சுங்கை சிப்புட்லதான், மலாயாவுல அவசரகாலம் வந்ததே அதுலதான்னு சொன்னதும் புத்தகத்தைப் புரட்டுறான். அந்தப் பக்கத்துலயும் மஞ்சள் கோடு!

போன வருஷப் படிவம் 5:
நானும் தோட்டத்துப் பையன்தான். சாயங்காலம் தூங்க விடுங்க அக்கா, அலாரம் வச்சு 45 நிமிஷம். ராத்திரி 8.30க்கு மேல ரெண்டு வேலை, 10 மணிக்குப் படுக்கை. மூணாவது வேலை விடியக்காலை 5க்கு. அம்மா பெரட்டுக்கு (வேலைக்கு முன்னால தோட்டத்துல பேர் கூப்பிடுறது) கிளம்பும்போதே எழுப்பிவிடச் சொல்லுங்க. அந்த நேரத்துல கணக்கு மட்டும். செஜாரா எடுத்தா அப்படியே சாஞ்சிருவான். கணிதத் தாள் 2ல வழிமுறைக்கும் மார்க் உண்டு, விடை தப்புன்னு தோணினாலும் படிகளை அழிக்க வேணாம். பஸ்ல படிக்கச் சொல்லாதீங்க, வாந்தி வரும் லா.

தோட்டத்து அக்கா:
ரெண்டு வாரம் ஆச்சு. செஜாரா நாலு அத்தியாயம் முடிஞ்சுது. விடியக்காலைக் கணக்குதான் பத்து நாள்ல ஆறு நாள் நடந்துச்சு. மழை பெய்ஞ்சா பெரட்டு தாமதம், அம்மாவும் எழுப்புறதில்ல. விட்டது சனிக்கிழமைக்குப் போகுது. மலாய்மொழி காராங்கானுக்கு (கட்டுரைக்கு) என்ன வேலை எழுதுறது சார்? வாரம் ஒண்ணு போதுமா?

பழைய வாத்தியார்:
போதும், ஆனால் முழுதாக, கடிகாரம் வைத்து. மற்ற நாள்களில் ஒரு தலைப்புக்குக் கருத்துகள் மட்டும் ஐந்து வரி. எழுதியதைப் பள்ளி ஆசிரியரிடம் கொடுத்துத் திருத்தி வாங்க வேண்டும். அதையும் ஒரு வேலையாகவே எழுதுங்கள், இல்லாவிட்டால் பையிலேயே கிடக்கும்.

தோட்டத்து அக்கா:
சரி சார். அட்டையில இடமில்ல, திருப்பிப் போட்டுப் பின்பக்கம் எழுதிக்கிறோம்.