பின்தெரு எங்கள் ஆலயக் கதவைத் தட்டிய இரவு

சபை எதற்கு ஊருக்கு உதவ வேண்டும், ஜெபமும் ஆராதனையும் போதாதா என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு வாதம் பண்ண வராது, நடந்ததைச் சொல்கிறேன்.

ஒரு மழைக்காலத்தில் எங்கள் ஆலயத்தின் பின்தெருவுக்குள் ராத்திரியோடு ராத்திரியாகத் தண்ணீர் ஏறிவிட்டது. ஆலயம் மேட்டில் இருப்பதால் ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். வந்து என்ன பிரயோஜனம், ஹாலுக்குப் பூட்டு, சாவி செயலாளர் வீட்டில், அவர் போனை எடுக்கவில்லை. ஒன்றரை மணி நேரம். உள்ளே அடுக்கடுக்காக நாற்காலிகள் சும்மா கிடக்க, வெளியே தாழ்வாரத்தில் குழந்தைகள் சாரலில் நடுங்கிக்கொண்டு நின்றன.

கதவைத் திறந்து, போர்வை கொடுத்து, சாப்பாடு பரிமாறும்போது ஒரு அம்மா தட்டை வாங்காமலே மெதுவாகக் கேட்டார்: "முதல்ல ஜெபத்துல உட்காரணுமா, இல்ல சாப்பிட்டுட்டு உட்காரலாமா?" பத்தொன்பது வருஷமாக எங்கள் மதிலை ஒட்டிய வீட்டில் குடியிருப்பவர். ஞாயிறு தவறாமல் எங்கள் பாட்டு அவர் காதில் விழுந்திருக்கிறது, எங்கள் வண்டிகள் அவர் வாசலை மறித்து நின்றிருக்கின்றன. அத்தனை வருஷத்தில் எங்களைப் பற்றி அவர் தெரிந்துகொண்டது, இவர்கள் சும்மா எதுவும் தரமாட்டார்கள் என்பதுதான். "ஒண்ணும் உட்கார வேண்டாம்மா, சாப்பிடுங்க" என்றேன், எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

அப்புறம் கமிட்டியில் பெரிய பேச்சு. இவ்வளவு செய்தும் ஒருத்தர்கூட ஆராதனைக்கு வரவில்லையே என்றார் ஒருவர். வயதான மூப்பர் ஒருவர் பைபிளில் லூக்கா 17-ஐத் திறந்தார். பத்துக் குஷ்டரோகிகளை இயேசு சுகமாக்கினார், நன்றி சொல்லத் திரும்பி வந்தது ஒருவன், அவனும் யூதர்கள் அந்நியராக ஒதுக்கிய சமாரியன். "வராத ஒன்பது பேர் சுகத்தை ஆண்டவர் திருப்பி வாங்கிக்கிட்டாரா?" என்றார். யாரும் வாய் திறக்கவில்லை. இப்போது ஹால் சாவி மூன்று வீடுகளில் இருக்கிறது, அதில் ஒன்று அந்த அம்மா வீடு.

மறுமொழி 1

உங்கள் பதிவைப் படித்ததும் எனக்கு ஒரு பையன் முகம் வந்தது, முகம் என்றுகூடச் சொல்ல முடியாது, அவன் முதுகுதான். நாங்கள் உதவிப் பை கொடுக்கப் போன இடத்தில் போட்டோ எடுக்க வரிசையாக நிற்கச் சொன்னோம். பத்து வயதிருக்கும், பையை வாங்கிக்கொண்டு கேமராவுக்கு முதுகைத் திருப்பிக்கொண்டான். அவன் வகுப்பில் படிக்கிற பிள்ளைகள் எங்கள் ஞாயிறு பள்ளிக்கு வருகிறார்கள் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. வலது கை செய்வது இடது கைக்குத் தெரிய வேண்டாம் என்று மத்தேயு 6-ல் எத்தனை தடவை வாசித்திருப்போம்! அன்றோடு போட்டோவை நிறுத்திவிட்டோம்.

மறுமொழி 2

நான் சொல்ல வருவது, போய்க் கேளுங்கள் என்பதைத்தான். நாங்களாக முடிவு செய்து பழைய துணி சேகரித்தோம், மூட்டை மூட்டையாகத் தேங்கியது. பிறகு வீடு வீடாகப் போய் என்ன வேண்டும் என்று கேட்டால், துணி கேட்டவர்கள் இரண்டே வீடு. மற்றவர்கள் கேட்டது, பிள்ளைகள் சாயங்காலம் உட்கார்ந்து படிக்க ஒரு இடம், விண்ணப்பம் நிரப்பித் தர ஒரு ஆள். யோசித்துப் பாருங்கள், ராபர்ட் ரெய்க்ஸ் என்ற பத்திரிகைக்காரர் 1780 வாக்கில் இங்கிலாந்தின் குளோஸ்டரில் ஞாயிறு பள்ளி ஆரம்பித்ததே வாரமெல்லாம் வேலைக்குப் போன ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்றுக்கொடுக்கத்தான். அதற்கும் முன்னால், நான்காம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியில் உள்ள செசரியாவில் பஞ்சம் வந்தபோது, பின்னால் அந்த ஊர் பேராயரான பசில் பட்டினி கிடந்தவர்களுக்கு உணவு ஏற்பாடு செய்தார், பிறகு ஊருக்கு வெளியே நோயாளிகளுக்கும் வழிப்போக்கர்களுக்கும் குஷ்டரோகிகளுக்கும் இடம் கட்டினார். சபை இதையெல்லாம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, மறந்துபோனதைத் திரும்ப எடுத்தால் போதும்.

எங்கள் ஹாலில் இப்போது தினமும் ஆறு மணிக்கு லைட் எரிகிறது. கணக்குச் சொல்லித்தர மட்டும் ஆள் பற்றவில்லை, ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் உங்கள் சபையில் இருந்தால் முதலில் அவர்களிடம் பேசுங்கள்.