எஃப்.எஸ்.எச். ஒரு தடவை அதிகம், ஒரு தடவை நார்மல்: எதை நம்புவது?

சுங்குடிக்காரி, மதுரை

வயது 47. வீட்டிலிருந்தே சுங்குடிக்கு முடிச்சுப் போடுகிறேன். துணியைக் கிள்ளிப் பிடித்து நூலைச் சுற்றும்போது நெஞ்சிலிருந்து முகம் வரை குப்பென்று சூடு ஏறுகிறது. ரவிக்கை நனைந்து, விரலில் நூல் வழுக்குகிறது. அப்புறம் உடம்பு சில்லிட்டுப் போகிறது. "மதுரை வெயிலுக்கு யாருக்குத்தான் வேர்க்காது" என்கிறார் வீட்டுக்காரர். மார்கழி விடிகாலையிலும் வேர்த்து எழுந்து உட்கார்கிறேனே, அது எந்த வெயிலாம்? அத்தை ஊறவைத்த வெந்தயமும் இளநீரும் தருகிறார். குடிக்க இதமாகத்தான் இருக்கிறது, வேர்வை நிற்கவில்லை.

மாதவிலக்கு இரண்டு மூன்று மாதம் எட்டிப் பார்க்காது. வந்தால் வாரம் தாண்டியும் கொட்டுகிறது. லேபில் எஃப்.எஸ்.எச். (சினைப்பையைத் தூண்டும் ஹார்மோன்) முதலில் அதிகம் என்று வந்தது, அடுத்த தடவை நார்மல். எனக்கு மெனோபாஸா, இல்லையா?

ஓய்வுபெற்ற நர்ஸ், திருமங்கலம்

தங்கச்சி, இரண்டு ரிசல்ட்டும் சரியாகவே இருக்கலாம். சினைப்பை சோர்ந்து, அது சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் குறையும்போது மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி எஃப்.எஸ்.எச்.ஐக் கூட்டி சினைப்பையை வேலை செய்யச் சொல்லி விரட்டும். சில மாதம் சினைப்பை விழித்துக்கொள்ளும், எண் இறங்கிவிடும். அதனால் 45 தாண்டியவர்களுக்கு இந்த டெஸ்டுக்குக் காசு செலவழிப்பதே வீண். அறிகுறிகளே போதும். தொடர்ந்து 12 மாதம் வராமல் இருந்தால்தான் மெனோபாஸ். நீங்கள் அதற்கு முந்தைய கட்டத்தில் இருப்பதாகத் தெரிகிறது. கர்ப்பம் தரிக்கவும் இன்னும் வாய்ப்பு உண்டு, வீட்டுக்காரரிடம் சொல்லி வையுங்கள்.

எனக்கு வேர்வையைவிட அந்த ரத்தப்போக்குதான் கவலை. கருமுட்டை வெளிவராத மாதத்தில் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் சுரக்காது. கருப்பையின் உள்சவ்வு தடித்துக்கொண்டே போய் மொத்தமாகக் கொட்டும். ஆனால் கருப்பையில் ஃபைப்ராய்டு என்கிற சதைக் கட்டி இருந்தாலும் இப்படித்தான் போகும். அதனால் மகப்பேறு டாக்டரைப் பார்த்து ஹீமோகுளோபின், தைராய்டுக்கு டி.எஸ்.எச்., ஒரு ஸ்கேன் எடுத்துவிடுங்கள். தைராய்டு கூடினாலும் வேர்க்கும். பிற்பாடு ஒரு வருடம் நின்ற பிறகு துளி பட்டாலும் உடனே காட்ட வேண்டும். "கடைசியா ஒரு தரம் வந்திருக்கும்" என்று தள்ளிப்போடும் பேச்சு எனக்கு ஆகவே ஆகாது.

மேலூர் டீச்சர்

எனக்கும் ராத்திரித் தூக்கமே போயிருந்தது. டாக்டர் ஹார்மோன் மருந்து கொடுத்த பிறகு நன்றாகக் குறைந்தது. கருப்பை இருப்பவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனை மட்டும் தனியாகத் தர மாட்டார்கள், புரோஜெஸ்டிரோனும் சேர வேண்டும். மார்பகப் புற்றுநோயோ ரத்தக் கட்டோ வந்தவர்களுக்குப் பொதுவாகக் கொடுப்பதில்லை. பக்கத்து வீட்டு அக்கா சாப்பிடுகிறாரே என்று கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

சுங்குடிக்காரி

நன்றி அக்கா, டீச்சருக்கும். ஸ்கேனுக்கு முட்ட முட்டத் தண்ணீர் குடித்துவிட்டுப் போகணுமா?

ஓய்வுபெற்ற நர்ஸ்

வயிற்றின் மேலே வைத்து எடுப்பதென்றால் ஆமாம், சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும். உள்ளே வைத்து எடுப்பதென்றால் பாத்ரூம் போய்விட்டு வரச் சொல்வார்கள். கிளம்பும் முன் போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.