கீழ்ப்படிதல் பயிற்சி: நான் பார்த்த இரண்டு பக்கங்கள்

லண்டனில் இருக்கிறேன், வயது 36. டாம்-சப் உறவில் (இருவரும் சம்மதித்து, டாம் ஆணையிட சப் கீழ்ப்படியும் உறவு) நான் சப். இந்த மன்றத்தில் ஒருவர், "பயிற்சி என்ற பெயரில் நடப்பது எல்லாமே கொடுமைதான்" என்று எழுதியிருக்கிறார். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

முதல் துணைவர் வந்த வாரமே விதிகளைச் சொல்லிவிட்டார். இரவு 10 மணிக்குள் மெசேஜ் அனுப்ப வேண்டும், தோழிகளைப் பார்க்க அனுமதி கேட்க வேண்டும், என் சம்பளத்தைச் செலவு செய்யவும் அவரைக் கேட்க வேண்டும். சேஃப்வேர்ட், அதாவது சொன்னதுமே எல்லாவற்றையும் நிறுத்த வேண்டிய ஒரு சொல், வைத்துக்கொள்ளலாமா என்றேன். "உண்மையான சப்புக்கு அது எதற்கு?" என்றார். ஒருநாள் காய்ச்சலில் மெசேஜ் அனுப்பாமல் தூங்கிவிட்டேன். மறுநாள் மரத்தரையில் மண்டியிட வைத்தார். முட்டி மரத்துப்போய் மூன்று முறை "போதும்" என்றேன். அவர் போனிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. அன்றைக்கே கிளம்பிவிட்டேன். நெருங்கிய உறவில் ஒருவரைத் தொடர்ந்து இப்படி அடக்கி வைப்பது இங்கிலாந்தில் 2015 முதல் தனிக் குற்றம் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

இப்போதைய துணைவரோடு மூன்று வாரம் பேசித்தான் விதிகளை எழுதினோம். மொத்தம் ஏழு. தாள் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது, பக்கத்திலேயே நூலில் கட்டிய பேனா. பிடிக்காத விதியை எப்போது வேண்டுமானாலும் நான் கோடு போட்டு அடித்துவிடலாம். இதுவரை இரண்டை அடித்திருக்கிறேன். பணம், வேலை, அம்மாவோடு பேசுவது, இதெல்லாம் விதிக்குள் வரவே வராது. 'யெல்லோ' என்றால் வேகம் குறைய வேண்டும், 'ரெட்' என்றால் அந்த நொடியே நிற்க வேண்டும். முதல் தடவை 'ரெட்' சொன்னபோது என் குரலே நடுங்கியது. அவர் உடனே நிறுத்தி, போர்வையை எடுத்துப் போர்த்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஏன் என்று அன்று கேட்கவில்லை. அதற்கப்புறம்தான் எனக்கு மனதாரக் கீழ்ப்படிய முடிந்தது.

பதில்:

அக்கா, நான் டாம் பக்கம். தண்டனை விஷயத்தில் ஒன்று சேர்க்கிறேன். காயம் ஏற்பட்டால் சம்மதம் இருந்தது என்று சொல்லித் தப்ப முடியாது என்று அப்போது உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரிட்டனின் பிரபுக்கள் சபை 1993-லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. நாங்கள் தண்டனையே வைத்துக்கொள்ளவில்லை. என் துணைவி எதற்கும் மறுப்புச் சொல்லாதது எனக்குப் பயமாக இருந்தது. அதனால் முதல் பயிற்சியே, வாரம் ஒருமுறை காரணமில்லாமல் 'ரெட்' சொல்வதுதான். மூன்று வாரம் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். நான்காவது வாரம் என் கண்ணைப் பார்த்துச் சொன்னாள்.